டிட்டோவுக்கும் மியூவுக்கும் என்ன உறவு?

போகிமான் விளையாட்டின் உலகில் டிட்டோ என்று ஓர் உயிர் உண்டு. இளஞ்சிவப்பு நிறம், வழவழவென்று கூழான உடம்பு, இரண்டு புள்ளிக் கண்கள், ஒரு கோட்டு வாய். எதிரே நிற்பது எதுவானாலும் அப்படியே அதைப்போல உருமாறிவிடும். அதற்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். மியூ என்று இன்னொன்று உண்டு. நீண்ட வாலும் பூனைக்குட்டிச் சாயலுமாகக் காற்றில் மிதக்கும். எளிதில் யார் கண்ணிலும் படாது. எல்லாப் போகிமான்களின் மரபணுவும் அதன் உடம்பில் இருக்கிறதாம். பின்னால் வந்த விளையாட்டுகளின் போகிடெக்ஸ் என்ற குறிப்பேடு அப்படிச் சொல்கிறது.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு ரசிகர்கள் வெகுகாலமாக ஒரு கதை சொல்லி வருகிறார்கள். மியூவை நகலெடுக்க, அதாவது குளோன் செய்ய, அறிவியலாளர்கள் முயன்றார்கள். அதில் பிழைத்து வளர்ந்தது மியூட்டூ. தோற்றுப்போன நகல்கள்தான் டிட்டோக்கள்!

இது வெறும் கற்பனை இல்லை, சான்று இருக்கிறது என்கிறார்கள். மியூவின் எடை 4 கிலோ, டிட்டோவின் எடையும் 4 கிலோ. இரண்டும் இளஞ்சிவப்பு. அபூர்வமாக நிறம் மாறி வரும் வகையில் இரண்டுமே நீலம். இரண்டுக்கும் ஆண், பெண் பேதம் கிடையாது. முதல் விளையாட்டில் உருமாறும் வித்தை இயல்பாகவே கைவருவது இவை இரண்டுக்கு மட்டும்தான். மியூட்டூ ஒளிந்திருக்கும் செருலியன் குகையிலேயே டிட்டோவும் திரிகிறது. மியூவைப் பற்றிய நாட்குறிப்புகள் சின்னபார் தீவில் இடிந்து கிடக்கும் ஒரு மாளிகையில் இருக்கின்றன. 'யெல்லோ' பதிப்பில் அங்கேயும் டிட்டோ வருகிறது.

படித்தவுடன் 'அட, ஆமாம்!' என்று தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் இந்தக் கதை மிகவும் பிடிக்கும். பிடித்த கதை என்பதாலேயே அதைக் கொஞ்சம் கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

முதலில், ஒரு விளையாட்டில் வரும் உயிர்களைப் பற்றி இப்படி ஆராயத் தோன்றுவதே ஏன்? அதற்கு அந்த விளையாட்டு பிறந்த விதம் காரணம். போகிமானை உருவாக்கிய சத்தோஷி தாஜிரி, டோக்கியோவை ஒட்டிய மச்சிதா என்ற ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் வயலிலும் குட்டையிலும் பூச்சி பிடிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஊர் நகரமாகப் பெருகப் பெருக, வயல்கள் போயின, பூச்சிகளும் போயின. நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிகள் இரண்டை ஒரு கம்பியால் இணைக்கலாம் என்று பார்த்தபோது, அந்தக் கம்பி வழியாகப் பூச்சிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊர்ந்து போவதாக அவர் மனத்தில் தோன்றியதாம். அந்த எண்ணம்தான் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் 'ரெட்', 'கிரீன்' என்ற இரு விளையாட்டுகளாக வெளிவந்தது. பூச்சி சேகரிப்பவர் குறித்து வைப்பதைப் போலவே அதில் ஒவ்வோர் உயிருக்கும் உயரம், எடை, வாழிடம், பழக்கவழக்கம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடியவர்கள் உயிரியலாளர்களைப் போலக் கேள்வி கேட்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

சரி, சோதனைக்கு வருவோம்.

எடையிலிருந்து தொடங்கலாம். இரண்டும் 4 கிலோ என்பது உண்மை. ஆனால் வேறு யாரெல்லாம் 4 கிலோ என்று பார்த்தீர்களா? ஷெல்டர் என்ற சிப்பி இருக்கிறதே, அதுவும் 4 கிலோ. பெல்ஸ்பிரவுட் என்ற செடி, அதுவும் 4 கிலோ. முதல் தலைமுறையில் மொத்தம் 151 போகிமான்கள். அவற்றில் சிறியவை பலவும் 10 கிலோவுக்குள்தான் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் 40 பேர் இருந்தால் அதில் இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒரே நாளில் வருவது எப்படிச் சாதாரணமோ, அப்படித்தான் இதுவும். எடை ஒன்றானால் உறவு என்று சொன்னால், சிப்பியையும் செடியையும்கூடத் தோற்றுப்போன நகல்கள் என்று சொல்லியாக வேண்டும். ரசிகர்கள் அதைச் சொல்வதில்லை. பொருந்தியதை எடுத்துக்கொண்டு பொருந்தாததை விட்டுவிட்டார்கள். ஆராய்ச்சியில் மிகச் சுலபமாக நடந்துவிடும் தவறு இது. பெரிய அறிவியலாளர்களும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது வாழிடம். செருலியன் குகையில் டிட்டோ இருப்பது சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் வந்த 'ரெட்', 'புளூ' பதிப்புகளில் 13, 14, 15, 23 எண்ணுள்ள சாலைகளின் ஓரப் புல்வெளிகளிலும் டிட்டோ சாதாரணமாக வருகிறது. ஆய்வகத்திலிருந்து தப்பிப் பரவியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்கலாம்தான். அப்படியானால் குகையில் இருந்தாலும் அந்தக் கதைக்குச் சான்று, வயலில் இருந்தாலும் சான்று. எங்கே இருந்தாலும் சான்றாகிவிடும் ஒன்று உண்மையில் எதற்குமே சான்றாகாது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேம் பாயின் திரையில் நிறமே கிடையாது; நான்கு சாயல்களில்தான் படம் தெரியும். நிறம் மாறிய அபூர்வ வகைகளோ 1999-இல் வந்த 'கோல்டு', 'சில்வர்' விளையாட்டுகளில்தான் அறிமுகம்.

உருமாறும் வித்தைதான் இருப்பதிலேயே வலுவான சான்று. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அதற்கு வேறொரு விளக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. கருவிகளைக் கொண்டு கற்பிக்கக்கூடிய வித்தைகள் முதல் விளையாட்டில் 55. மியூ அந்த 55-ஐயும் கற்கும். எல்லா உயிர்களின் மரபணுவும் தன்னுள் இருப்பதால் எதையும் செய்ய வல்லது என்பதுதான் மியூவின் இயல்பு. எதையும் செய்ய வல்லதற்கு உருமாறவும் தெரிந்திருப்பதில் என்ன ஆச்சரியம்? நகலெடுத்த கதை இல்லாமலேயே இது புரிந்துவிடுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. மியூவை விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர் ஷிகெகி மோரிமோத்தோ என்ற நிரலாளர். விளையாட்டு முடிந்து, பிழை திருத்தப் பயன்பட்ட கருவிகளையெல்லாம் நினைவகத்திலிருந்து நீக்கிய பிறகு, சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. அந்த இத்துனூண்டு இடத்தில் கடைசி நேரத்தில் அவர் மியூவை நுழைத்துவிட்டார். மியூவின் உண்மையான பிறப்பிடம் அதுதான்!

குளோன் என்ற சொல்லைத் தொட்டுவிட்டதால் நிஜ உலகின் குளோன் ஒன்றையும் பார்த்துவிடுவோம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே ராஸ்லின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்தது. வளர்ந்த ஆடு ஒன்றின் பால்மடியிலிருந்து உயிரணுவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டையணுவோடு இணைத்து உருவாக்கிய குட்டி அது. பால்மடி அணு தந்த ஆடு வெள்ளை முகம் கொண்ட இனம். சுமந்து பெற்ற ஆடு கறுப்பு முக இனம். குட்டி பிறந்தபோது முகம் வெள்ளை! யாருடைய நகல் என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அதோடு நிறுத்தாமல் மரபணுச் சோதனையும் செய்து உறுதிப்படுத்தினார்கள்.

டாலிக்கு முன்னால் தோற்றவை எத்தனை தெரியுமா? 277 முறை அணுக்களை இணைத்தார்கள். அவற்றில் தாயின் கருப்பையில் வைக்கும் அளவுக்கு வளர்ந்த கருக்கள் 29. பிழைத்துப் பிறந்தது ஒன்றே ஒன்று. தோற்ற மற்றவை வேறோர் உயிராக மாறி எங்கும் அலையவில்லை. பெரும்பாலானவை சில நாட்களிலேயே பிளவுபடுவதை நிறுத்திவிட்டன. நகலாக்கம் தோற்றால் வளர்ச்சி நின்றுபோகுமே தவிர, புதிதாக ஒரு வித்தை தெரிந்த உயிர் பிறக்காது. டிட்டோ கதையில் எனக்குப் பெரிய இடறலாகத் தெரிவது இந்த இடம்தான்.

டாலி பிறந்த நாள் 1996 ஜூலை 5. இப்போது சின்னபார் மாளிகைக்குப் போய் நாட்குறிப்பைப் புரட்டுங்கள். தென் அமெரிக்காவின் கயானா காட்டில் புதிய போகிமானைக் கண்டுபிடித்ததாக முதல் குறிப்பு. அதன் தேதி? ஜூலை 5!

உடம்பு சிலிர்க்கிறதா? உலகப் புகழ் பெற்ற குளோன் பிறந்த அதே தேதி, போகிமான் உலகின் குளோன் கதை தொடங்கும் அதே தேதி. இதை வைத்து அருமையான கோட்பாடு ஒன்று கட்டலாம். ஆனால் விளையாட்டு வெளிவந்தது பிப்ரவரியில். டாலி பிறந்தது அதற்கு நான்கு மாதங்களுக்குப் பிறகு. டாலியைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததோ 1997-இல். பிறக்காத ஆட்டைப் பார்த்து யாரும் நாட்குறிப்பு எழுதியிருக்க முடியாது. எது முந்தியது, எது பிந்தியது என்ற ஒரே கேள்வியில் கதை உடைந்துவிடுகிறது. ஆண்டுக்கு 365 தேதிகள்தான். உலகில் நடக்கும் நிகழ்ச்சிகளோ கணக்கில் அடங்காதவை. தேதிகள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டேதான் இருக்கும்.

இனி இன்னொரு பிரபலமான கதை. கியூபோன் ஒரு சின்னஞ்சிறு போகிமான். இறந்துபோன தன் தாயின் மண்டை ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அம்மாவை நினைத்து அழும். அதன் நிஜ முகத்தை யாரும் பார்த்ததில்லை. கங்காஸ்கான் என்பது வயிற்றுப் பையில் குட்டியைச் சுமந்து திரியும் பெரிய போகிமான். அந்தக் குட்டியின் உடல்வாகும் கியூபோனின் உடல்வாகும் ஒன்றுபோல இருக்கின்றன. எனவே, தாயை இழந்த கங்காஸ்கான் குட்டிதான் கியூபோன் என்கிறார்கள் ரசிகர்கள். அது நெஞ்சைத் தொடும் கதை. நெஞ்சைத் தொடுவதால்தான் இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

ஆனால் விளையாட்டு இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிட்டது. லாவண்டர் ஊரில் இறந்த போகிமான்களுக்கான கோபுரம் ஒன்று உண்டு. அதில் ஏறினால் ஓர் ஆவி வழிமறிக்கும். அது யாருடைய ஆவி? ராக்கெட் என்ற கும்பலால் கொல்லப்பட்ட, ஒரு கியூபோனின் தாய். அவள் கங்காஸ்கான் அல்ல, மாரோவாக். கியூபோன் வளர்ந்தால் என்னவாகுமோ அதே மாரோவாக். 1999-க்குப் பிறகு வந்த விளையாட்டுகளில் மாரோவாக் இட்ட முட்டை பொரிந்தால் கியூபோன் வருகிறது. கங்காஸ்கான் இட்ட முட்டை பொரிந்தால் பையில் குட்டியோடு கங்காஸ்கான்தான் வருகிறது. பொரிந்து வந்த நிமிடமே கியூபோன் தலையில் மண்டை ஓடு எப்படி என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி. அதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை. ஆனால் கங்காஸ்கான் கதையும் அந்தக் கேள்விக்குப் பதில் தரவில்லையே!

பெரிய அறிவியலாளர் ஒருவரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? இதோ. 1923-இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்துக்கு அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரு குழுவை அனுப்பியது. ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் அதன் தலைவர். செந்நிறப் பாறைகள் நிறைந்த ஓரிடத்தில் டைனோசர் முட்டைகள் அடுக்கிய கூடு கிடைத்தது. அதன் மேலேயே சின்ன டைனோசர் ஒன்றின் எலும்புக்கூடு. அந்தப் பகுதி முழுக்க புரோட்டோசெராட்டாப்ஸ் என்ற டைனோசரின் எலும்புகள் ஏராளமாகக் கிடந்ததால், முட்டைகளும் அதனுடையவைதான் என்று முடிவு கட்டினார்கள். அப்படியானால் மேலே கிடந்தது? திருட வந்தது! 1924-இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் என்ற அந்த அறிவியலாளர் அதற்கு ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன், என்று பெயர் வைத்தார். இந்தப் பெயர் நம்மைத் தவறாக வழிநடத்திவிடக்கூடும் என்று, பெயர் வைத்த கட்டுரையிலேயே அவர் எச்சரிக்கவும் செய்தார். பெயர் பரவியது. எச்சரிக்கை பரவவில்லை.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1993-இல், அதே கோபியில் உகா தோல்கோத் என்ற இடத்தில் மார்க் நோரெலும் அவருடைய குழுவினரும் அதே வகை முட்டை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஓடு உடைந்திருந்த அந்த முட்டைக்குள் கருவின் நுண்ணிய எலும்புகள் இருந்தன. அவை புரோட்டோசெராட்டாப்ஸின் எலும்புகள் அல்ல. ஓவிராப்டர் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிறகு முட்டைகளின் மேல் கைகளை விரித்து அடைகாக்கும் நிலையிலேயே புதைந்துபோன எலும்புக்கூடும் கிடைத்தது. 1923-இல் கிடைத்ததும் பெரும்பாலும் தன் கூட்டின்மேல் இருந்த ஒரு பெற்றோர்தான். பாவம், ஒரு தாயோ தகப்பனோ எழுபது ஆண்டுகள் திருட்டுப் பட்டத்தைச் சுமந்தது!

பக்கத்தில் கிடந்தது, தோற்றத்தில் பொருந்தியது என்பவற்றை வைத்துக் கட்டிய முடிவு அது. கியூபோன் கதையும் அதே வகை. இரண்டையும் தீர்த்து வைத்ததும் ஒரே வகைச் சான்றுதான்: முட்டைக்குள் இருப்பது யார்?

இன்னும் எத்தனையோ கதைகள் உண்டு. கெங்கார் என்ற ஆவி, கிளெஃபேபிள் என்ற இன்னொரு போகிமானின் நிழல்தான் என்பார்கள். உருவம் பொருந்துகிறது, எடை 40.5 கிலோவும் 40 கிலோவும். நிழலுக்கு எதற்கு எடை என்று கேட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

ஏனென்றால், உண்மையிலேயே பிறப்பிடம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு விசித்திர உயிரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அதன் பெயர் மிசிங்நோ. 'ரெட்', 'புளூ' விளையாட்டுகளின் ஆங்கிலப் பதிப்பு 1998-இல் வந்தது. விரிடியன் ஊரில் ஒரு தாத்தா போகிமான் பிடிப்பது எப்படி என்று காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு நேராகச் சின்னபார் தீவுக்குப் பறந்து, அதன் கிழக்குக் கரையோரம் நீரில் மேலும் கீழும் போய் வந்தால், கசங்கிய கட்டங்களாக ஏதோ ஒன்று எதிரே வந்து நிற்கும். போகிமானின் வலிமையைக் காட்டும் நிலை 100-க்கு மேல் போகாத விளையாட்டில் 128, 135 என்ற நிலைகளில் போகிமான்கள் தோன்றும். ஆவி என்றார்கள், ரகசியப் போகிமான் என்றார்கள், கங்காஸ்கானின் உறவு என்றுகூடச் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். தாத்தா செய்து காட்டும்போது திரையில் உங்கள் பெயருக்குப் பதில் அவர் பெயர் வர வேண்டும். அதற்காக விளையாட்டு உங்கள் பெயரை எடுத்துச் சிறிது நேரம் வேறோர் இடத்தில் வைக்கிறது. புல்வெளியில் எந்தப் போகிமான் வரலாம் என்ற பட்டியல் இருக்கும் இடம் அது. வேறு ஊர்ச் சாலையில் கால் வைத்ததும் அந்தச் சாலையின் பட்டியல் அங்கே வந்து உட்கார்ந்துவிடும்; உங்கள் பெயர் அழிந்துவிடும். ஆனால் சின்னபார் தீவில் புல்வெளி கிடையாது. எனவே பழையது அப்படியே கிடக்கும். கிழக்குக் கரையோரக் கட்டங்களில் ஒரு பிழை இருந்தது: நீரில் போனாலும் விளையாட்டு புல்வெளிப் பட்டியலைத்தான் படித்தது. அதாவது உங்கள் பெயரையே போகிமான் பட்டியலாகப் படித்தது!

கணினிக்கு எழுத்தும் எண்தான். அந்த விளையாட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-யின் எண் 128, 'பி'-யின் எண் 129, இப்படியே போகும். பெயரின் இரண்டாம், நான்காம், ஆறாம் எழுத்துகள் நிலையாகப் படிக்கப்பட்டன. 128-க்கு மேற்பட்ட நிலைகள் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிகிறதா? மூன்றாம், ஐந்தாம், ஏழாம் எழுத்துகள் எந்தப் போகிமான் என்பதைத் தீர்மானித்தன. போகிமான்களுக்கென விளையாட்டின் உள்ளே 190 இடங்கள் இருந்தன, உயிர்கள் 151. மீதி 39 இடங்களும் காலி. பெயரின் எழுத்து காலி இடத்தைக் காட்டினால், அங்கே வருவதுதான் மிசிங்நோ.

இந்த விளக்கம் சரியா என்று எப்படித் தெரியும்? சோதித்துப் பார்க்கலாம். விளையாட்டு முழுவதிலும் ஸ்னோர்லாக்ஸ் என்ற போகிமான் இரண்டே இரண்டுதான். சாலையை அடைத்துக்கொண்டு தூங்கும். வேறெங்கும் அது தானாக எதிர்ப்படாது. ஆனால் விளக்கம் சரியானால், மூன்றாம் எழுத்தாக 'ஈ' வரும்படி பெயர் வைத்துக்கொண்டு விளையாடுபவருக்குச் சின்னபார் கடலில் ஸ்னோர்லாக்ஸ் எதிரே வர வேண்டும். 'ஏ' வைத்தவருக்கு கோல்டக் வர வேண்டும். 'ஜி' வைத்தவருக்கு மிசிங்நோ.

வைத்துப் பார்த்தார்கள். சொன்னது சொன்னபடியே வந்தது.